பூகம்பத்தில் காப்பது இரும்பா, இணைப்பா?

2025 மார்ச் 28. ரமலானின் கடைசி வெள்ளிக்கிழமை. மியான்மரின் மண்டலே, சகாயிங் பகுதிகளில் மக்கள் ஜுமுஆவுக்காகப் பள்ளிவாசல்களில் கூடிக்கொண்டிருந்த பகல் நேரத்தில் 7.7 அளவிலான பூகம்பம் தாக்கியது. பள்ளிகள் பல இடிந்தன. தொழ வந்த நூற்றுக்கணக்கானோர் நோன்பாளிகளாகவே இடிபாடுகளுக்குள் உயிரிழந்தனர். நாடு முழுவதும் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17 மணிக்குத் துருக்கியும் சிரியாவும் குலுங்கின. துருக்கியில் மட்டும் 53,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அடுக்குமாடிகள் தளத்தின் மேல் தளமாக அப்பளம் அடுக்கியது போல் அமர்ந்துவிட்ட காட்சிகளை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம்.

இப்படி ஒவ்வொரு முறை நிகழும்போதும் ஒரு பேச்சு எழுகிறது: "கான்கிரீட்டை விட்டுவிட்டு இரும்புத் தூண், இரும்பு பீம் வைத்துக் கட்டினால் இந்த ஆபத்தே வராது." பள்ளிவாசல் விரிவாக்கம், திருமண மண்டபம், பள்ளிக்கூடம் என்று நம் ஊர்களிலும் இரும்புச் சட்டக் கட்டடங்கள் பெருகிவரும் காலம் இது. எனவே இந்தப் பேச்சு எந்த அளவு உண்மை என்று ஆராய்வது அவசியம்.

பாதி உண்மை என்பதே சுருக்கமான பதில். மீதிப் பாதியை உலகம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கசப்பான அனுபவத்தில் கற்றுக்கொண்டது.

இரும்பின் மீது வைத்த நம்பிக்கை

கட்டுக்கம்பி ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள். உடையாது. நிமிர்த்தி மீண்டும் வளைத்தாலும் பல முறை தாங்கும். கண்ணாடியோ சுண்ணாம்புக் கட்டியோ அப்படித் தாங்காது. எச்சரிக்கையே இல்லாமல் முறிந்துவிடும். பூகம்பத்தை எதிர்கொள்ளும் கட்டடத்துக்குத் தேவை கம்பியின் இந்தக் குணம்தான். பெரிய பூகம்பத்தில் கட்டடம் துளிகூட நெளியாமல் நிற்க வேண்டும் என்று பொறியாளர்கள் வடிவமைப்பதில்லை. அவ்வளவு செலவை யாராலும் தாங்க முடியாது. கட்டடம் வளையலாம், நெளியலாம், உருக்குலையலாம். ஆனால் உள்ளே இருப்பவர் மீது விழக்கூடாது. இதுவே அடிப்படைக் கொள்கை.

இரும்புக்கு, சரியாகச் சொன்னால் எஃகுக்கு, இந்தக் குணம் இயல்பாகவே உண்டு. அதனால்தான் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பல பத்தாண்டுகளாக எஃகுச் சட்டக் கட்டடங்களைப் பூகம்பத்துக்கு மிகப் பாதுகாப்பானவை என்று நம்பிக் கட்டினார்கள்.

1994 ஜனவரி 17 அதிகாலை 4.31 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவிலான பூகம்பம் ஏற்பட்டது. அறுபது பேர் அளவில் இறந்தார்கள். எஃகுச் சட்டக் கட்டடம் எதுவும் இடிந்து விழவில்லை. 'நம் நம்பிக்கை வீண் போகவில்லை' என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு சில கட்டடங்களில் பழுது பார்ப்பதற்காகச் சுவர்ப் பூச்சையும், எஃகின் மேல் தீத்தடுப்புக்காகப் பூசியிருந்த பொருளையும் அகற்றினார்கள். உள்ளே பீமும் தூணும் சேரும் இடத்தில் விரிசல்கள் தெரிந்தன. சில இடங்களில் விரிசல் தூணுக்குள்ளேயே ஓடியிருந்தது. தேடத் தேட எண்ணிக்கை கூடி, இத்தகைய கட்டடங்கள் நூற்றைத் தாண்டின. ஒரு மாடிக் கட்டடமும் அதில் உண்டு, 26 மாடிக் கட்டடமும் உண்டு. முப்பது ஆண்டு பழையதும் உண்டு, கட்டி முடிக்கப்படாத புதியதும் உண்டு. அவற்றில் சிலவற்றின் வெளிச்சுவரில் கீறல்கூட இல்லை.

சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரம் அதிர்ந்தது. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்த அந்தப் பேரழிவில், அங்கும் எஃகு இணைப்புகள் முறிந்திருப்பது தெரியவந்தது. இது ஒரு நாட்டின், ஒரு ஒப்பந்ததாரரின் தவறு அல்ல. முறையிலேயே கோளாறு இருக்கிறது என்பது உறுதியானது.

கோளாறு எங்கே இருந்தது?

'ஐ' எழுத்து வடிவிலான பீமை நாம் பார்த்திருப்போம். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டையும் இணைக்கும் நடுத்தகடு. அன்றைய வழக்கப்படி, நடுத்தகட்டை போல்ட் போட்டு இணைப்பார்கள். மேல், கீழ்ப் பட்டைகளைக் கட்டுமானத் தளத்திலேயே, உயரத்தில் நின்று, தூணோடு வெல்டிங் செய்வார்கள்.

நிலம் ஆடும்போது கட்டடம் இடமும் வலமும் சாய்கிறது. அப்போது இந்தப் பட்டைகள் மாறி மாறி இழுபடுகின்றன, அழுத்தப்படுகின்றன. முழு விசையும் குவியும் இடம் தூணின் முகத்தில் இருக்கும் அந்த வெல்டிங்தான். அதில் ஒன்றல்ல, பல குறைகள் சேர்ந்திருந்தன. வேகமாக வேலை முடிக்கப் பயன்படுத்திய வெல்டிங் கம்பி வகை, திடீர் விசையைத் தாங்கும் இழுமை இல்லாதது. வெல்டிங்குக்கு அடியில் வைக்கும் முட்டுப்பட்டையை எடுக்காமல் அப்படியே விட்டதால் அந்த இடத்தில் ஒரு வெட்டு போன்ற இடைவெளி உருவானது. துணியைக் கிழிக்கும்முன் ஓரத்தில் சிறு வெட்டு போடுவோமே, அந்த வேலையை அது செய்தது.

மூன்றாவது குறை சிக்கனம். இந்த இணைப்பு முறைக்கு ஆதாரமாக இருந்த பழைய பரிசோதனைகள் சிறிய பீம்களில் நடந்தவை. காலப்போக்கில் செலவைக் குறைக்க, பூகம்ப விசையைத் தாங்கும் சட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் பெரிதாக்கினார்கள். சிறிய பீமில் தேறிய முறை பெரிய பீமிலும் தேறும் என்று, சோதிக்காமலேயே எடுத்துக்கொண்டார்கள்.

நான்காவது குறை நம்மில் பலருக்கும் வியப்பாக இருக்கும்: ஆலையிலிருந்து வந்த எஃகு, கணக்கில் எழுதியதைவிட வலுவாக இருந்தது! வலு கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். வீட்டு மின்சார ஃபியூஸை நினைத்துப் பாருங்கள். மெல்லிய கம்பி உருகி வீட்டைக் காப்பாற்றுகிறது. 'அடிக்கடி போகிறதே' என்று தடித்த கம்பியைச் சுற்றினால் ஃபியூஸ் போகாது, வீடு எரியும். பூகம்பத்தில் பீம்தான் ஃபியூஸ். அது வளைந்து விசையை உறிஞ்ச வேண்டும். பீம் எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தால் அது வளையாது, விசை முழுவதும் இணைப்புக்குப் போகும், இணைப்பு முறியும்.

மறைக்கவில்லை

இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். அந்த விரிசல்களால் எந்தக் கட்டடமும் விழவில்லை. பூச்சைப் பூசி மூடிவிட்டால் வெளியே தெரியாது. கட்டட உரிமையாளருக்கு அது வசதி, கட்டியவருக்கு வசதி, வடிவமைத்தவருக்கும் வசதி. ஆனால் பொறியாளர்கள், 'நாங்கள் பாதுகாப்பானது என்று சொன்னது தவறு' என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்கள். பாதிப்புள்ள பகுதிகளில் எஃகுச் சட்டக் கட்டடங்களின் சுவரைத் திறந்து இணைப்புகளைப் பரிசோதிக்க வேண்டும் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகராட்சி 1995-ல் சட்டமே இயற்றியது.

அமெரிக்கப் பேரிடர் நிர்வாக முகமையான ஃபெமாவின் நிதியில், பொறியாளர் சங்கமும் பல்கலைக்கழகங்களும் கைகோத்து ஆறு ஆண்டுகள் ஆய்வு செய்தன. முழு அளவு பீம்களையும் தூண்களையும் ஆய்வுக்கூடத்தில் உடைத்து உடைத்துப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் முடிவுகள் வழிகாட்டி நூல்களாக வெளியாயின. பொதுப்பணத்தில் கற்ற பாடம் பொதுமக்களுக்கே திரும்பியது.

இன்னொரு செய்தியும் உண்டு. பீமின் பட்டைகளைத் தூணுக்குச் சற்றுத் தள்ளி இருபுறமும் வளைவாக வெட்டிக் குறுக்கிவிட்டால், பீம் அந்த இடத்தில் வளையும், இணைப்பு தப்பிக்கும். ஃபியூஸ் தத்துவம்தான். இந்த முறைக்கான காப்புரிமை ஐரோப்பாவின் ஆர்பெட் எஃகு நிறுவனத்திடம் இருந்தது. நார்த்ரிட்ஜுக்குப் பிறகு அந்த நிறுவனம் தன் உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்து, எல்லோரும் பயன்படுத்த அனுமதித்தது. கல்வியை மறைப்பது குற்றம் என்று கற்ற நமக்கு இதன் மதிப்பு புரியும்.

போல்ட் இணைப்பின் நுட்பம்

அந்த ஆய்வுகளில் முன்னுக்கு வந்த தீர்வுகளில் ஒன்றுதான் போல்ட் இணைப்பு. அதில் எண்ட் பிளேட் என்னும் முறை பரவலானது. பீமின் முனையில் ஒரு தடித்த தகட்டைத் தொழிற்சாலையிலேயே வெல்டிங் செய்துவிடுவார்கள். கட்டுமானத் தளத்தில் அந்தத் தகட்டைத் தூணோடு வைத்து போல்ட் முறுக்கினால் போதும். வெல்டிங் முற்றிலும் ஒழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது உயரத்திலிருந்து, காற்றிலும் மழையிலும் இருந்து, கூரைக்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கே வெல்டர் பொருளைத் தனக்கு வசதியாகத் திருப்பி வைத்து வேலை செய்யலாம், ஒலியலைக் கருவியால் சோதிக்கலாம், தவறினால் திருத்தலாம்.

போல்ட் என்றதும் கடையில் எடைக்கு வாங்கும் சாதாரண போல்டை நினைக்கக் கூடாது. போல்டின் தலையில் எண் பொறித்திருக்கும். 4.6 என்றால் சாதாரணம். 8.8, 10.9 என்பவை உயர்வலு போல்ட்கள். 10.9 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன் வரை, அதாவது நூறு கிலோ எடையளவு இழுவை வரை அறுந்து போகாது. அதில் 90 விழுக்காட்டைத் தாண்டும்வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு 10.9 போல்டை முறைப்படி முறுக்கினால், அது இரண்டு தகடுகளையும் சுமார் 25 டன் விசையோடு இறுக்கிப் பிடிக்கும். ஒரே போல்ட், லாரிச் சுமை! தகடுகள் நகராமல் பிடிப்பது பெரும்பாலும் இந்த அழுத்தத்தால் வரும் உராய்வே. அதனால்தான் போல்ட் இருக்கிறதா என்பதோடு, அது சரியாக முறுக்கப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியமாகிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 60 சென்டிமீட்டர் உயரமுள்ள பீம் ஒன்று முழுதாக வளையும்போது 60 டன்-மீட்டர் திருப்புவிசை வருவதாக வைத்துக்கொள்வோம். அதை உயரத்தால் வகுத்தால், ஒரு பட்டையில் 100 டன் இழுவை. எஃகு கணக்கைவிட வலுவாக இருக்கலாம், வளைய வளைய மேலும் இறுகும். ஆகவே சுமார் 130 டன் என்று எடுக்க வேண்டும். அந்தப் பட்டையைச் சுற்றி நான்கு போல்ட் என்றால் ஒன்றுக்கு 32 டன்னுக்கு மேல். மேலே சொன்ன 24 மில்லிமீட்டர் போல்ட் 36 டன் அளவில் அறுந்துவிடும். இடைவெளி மிகக் குறைவு. பொறுப்புள்ள பொறியாளர் இங்கே பெரிய போல்டுக்கோ எட்டு போல்டுக்கோ மாறுவார். 'நூறு டன்தானே, நாலு போல்ட் தாங்கும்' என்பவர் எஃகு கூடுதல் வலுவோடு வரும் நாளை மறந்துவிட்டார்.

இன்னொரு கண்ணியும் உண்டு. எண்ட் பிளேட் மெல்லியதாக இருந்தால், இழுவையில் அது வளைந்து கடப்பாரை போல் நெம்பும். அந்த நெம்புவிசையும் போல்டின் தலையில்தான் விழும். போல்ட் அறுவது கண்ணாடி முறிவது போலத் திடீர் முறிவு. ஆகவே வரிசை தெளிவாக இருக்க வேண்டும்: முதலில் பீம் வளைய வேண்டும், தகடும் போல்ட்டும் வெல்டிங்கும் தூணும் அதைவிட வலுவாக இருந்து தாக்குப்பிடிக்க வேண்டும். எது பலவீனமாக இருக்கலாம், எது இருக்கவே கூடாது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் பூகம்ப வடிவமைப்பின் சாரம்.

இதைக் காகிதத்தில் நிரூபித்தால் போதாது. அமெரிக்க எஃகுக் கட்டுமானக் கழகத்தின் விதிப்படி, அதிக ஆபத்துள்ள பகுதிகளில் பயன்படுத்தும் இணைப்பு முறை ஆய்வுக்கூடத்தில் முன்னும் பின்னும் ஆட்டிச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். சிறு அசைவில் தொடங்கிப் படிப்படியாக, மாடி உயரத்தில் நூற்றில் நான்கு பங்கு சாய்வு வரை போக வேண்டும். மூன்று மீட்டர் மாடிக்கு அது 12 சென்டிமீட்டர். அந்தச் சாய்விலும் தன் வலுவில் ஐந்தில் நான்கு பங்கையாவது வைத்திருக்கும் இணைப்பே தேறும். வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மர்ரே குழுவினர் செய்த சோதனைகளால் எண்ட் பிளேட் முறை இப்படித் தேறியது.

கிறைஸ்ட்சர்ச் கற்றுக்கொடுத்தது

2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் வந்த பூகம்பத்தில் 185 பேர் இறந்தனர். அவர்களில் 115 பேர் ஒரே ஒரு கான்கிரீட் கட்டடத்தில் இறந்தவர்கள். ஆனால் நின்றுவிட்ட கட்டடங்களின் கதியும் சோகமே. உயிரைக் காப்பாற்றிய கட்டடங்கள் பல, பழுது பார்க்க முடியாத அளவு நெளிந்துவிட்டதால் இடிக்கப்பட்டன. நகர மையத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை போயின. உயிர் பிழைத்தவனுக்கு வீடும் கடையும் வேலையும் இல்லை.

போல்ட் இணைப்பின் அடுத்த படி இந்தக் கவலைக்குத்தான் பதில் சொல்கிறது. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கிளிஃப்டன் உருவாக்கிய நழுவு இணைப்பில், பீமின் கீழ்ப்பக்கத் தகட்டில் போல்ட் துளை நீளவாக்கில் இருக்கும். சாதாரண நாளில் போல்டின் இறுக்கம் தகட்டை அசையவிடாது. பெரிய பூகம்பத்தில் மட்டும் தகடுகள் உராய்ந்து நழுவும். வண்டியின் பிரேக் போல அந்த உராய்வே விசையைத் தின்றுவிடும். பீம் நெளியாது. பிறகு போல்டுகளைச் சோதித்து, மாற்ற வேண்டியதை மாற்றி, மீண்டும் முறுக்கினால் கட்டடம் பயன்பாட்டுக்கு வந்துவிடும். தளத்தில் வெல்டிங் செய்த இணைப்பில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

சட்டம் இருந்தும் ஏன்?

இப்போது துருக்கிக்குத் திரும்புவோம். 1999-ல் இஸ்மித் பூகம்பத்தில் 17,000-க்கும் மேற்பட்டோரை இழந்த நாடு அது. அறிவு இல்லாத நாடு அல்ல. அதன் 2018-ஆம் ஆண்டுப் பூகம்பக் கட்டட விதிகள் உலகத் தரமானவை. நாம் மேலே பார்த்த எண்ட் பிளேட் போல்ட் இணைப்பின் விவரங்கள்கூட அதில் உண்டு. ஆனால் அதே 2018-ல், தேர்தலுக்கு முன்பாக, விதியை மீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் செலுத்தினால் அங்கீகாரம் என்ற பொதுமன்னிப்பும் அறிவிக்கப்பட்டது. 'கட்டுமான சமாதானம்' என்று அதற்குப் பெயர். கோடிக்கணக்கான மக்களுக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது. அரசுக்கு வருவாய், மக்களுக்குப் பத்திரம். பூமி அந்தச் சமாதானத்தில் கையெழுத்திடவில்லை.

கலிபோர்னியாவில் ஒருவர்கூட சாகாத விரிசலுக்காகச் சுவரைத் திறந்தார்கள். இங்கே திறக்க வேண்டிய சுவருக்கு ரசீது கொடுத்தார்கள். விதிக்கப்பட்டது நடக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அதைத் தவக்குல் என்று சொல்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

நாம் கேட்க வேண்டியவை

சென்னை 2002 முதல் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைக்கப்பட்டது. 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பின் வந்த மாற்றம் அது. எஃகுக் கட்டடங்களுக்கான இந்திய விதிநூலில் 2007 முதல் பூகம்பத்துக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. ஆகவே நமக்கும் இது தூரத்துக் கதை அல்ல.

ஜமாஅத் பணத்தில் இரும்புச் சட்டக் கட்டடம் எழும்போது நிர்வாகிகள் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. பீம், தூண் அளவுகளோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரைபடம் இருக்கிறதா, அல்லது 'ஃபிட்டர் பார்த்துக்கொள்வார்' என்று விடப்பட்டுள்ளதா? வரைபடத்தில் 8.8 அல்லது 10.9 என்றால், வந்திறங்கிய போல்டின் தலையில் அதே எண் இருக்கிறதா? துளைகள் பொருந்தாதபோது கேஸ் கட்டரால் ஊதிப் பெரிதாக்கினார்களா? ஆறு போல்ட் போட வேண்டிய இடத்தில் நான்கோடு நிறுத்தினார்களா? முறுக்கியதை யார் சோதித்தார், எங்கே பதிவு செய்தார்? வேலையை எடுத்தவரே தன் வேலைக்குச் சான்று தருகிறாரா, அல்லது தனியான பொறியாளர் ஒருவர் பார்க்கிறாரா?

வளைகுடாவின் ஃபேப்ரிகேஷன் யார்டுகளில் வெல்டராக, ஃபிட்டராக, தர ஆய்வாளராக உழைத்த சகோதரர்கள் நம் மஹல்லாக்களில் நிறைய உண்டு. மேலே உள்ள கேள்விகளின் அர்த்தம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கட்டடக் குழுவில் வசதி படைத்தவர்களுக்கு இடம் கொடுக்கும் நாம், இவர்களில் ஒருவருக்கும் ஓர் இடம் கொடுக்கலாமே!

அளவையிலும் நிறுவையிலும் குறைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று மிம்பரிலிருந்து எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். சுவருக்குள் மறையப்போகும் ஒரு போல்டைக் குறைப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். கடையில் ஏமாந்தவன் திரும்பி வந்து சண்டை போடுவான். இந்த நிறுவையில் ஏமாந்தவர்களோ அதே கூரையின் கீழ் ஸஃப்பில் நின்று தொழுதுகொண்டிருப்பார்கள். சுவர் பூசப்படும் முன் ஒரு நாள், ஸ்பேனரும் வரைபடமும் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு மேலே ஏறிப் பார்ப்பது நிர்வாகிகளின் கையில் இருக்கும் அமானிதம்.